பதினோராவது சாமான்

எங்கள் தெருவில் அவருடைய பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் கப்பல் மாமா. பர்மியப் பிள்ளைகளுக்கு மஷிபூ ஊலே. மஷிபூ என்றால் இல்லை, ஊலே என்றால் மாமா. ஆக, இல்லை மாமா. கடை வைத்துப் பிழைக்கிற மனிதருக்கு இப்படி ஒரு பட்டப்பேர் சும்மா வந்துவிடாது. மெனக்கெட்டுச் சம்பாதித்த பேர் அது.

ரங்கூனில் தாம்வே பக்கம் எங்கள் தெரு. அவர் வீடு கீழ்த்தளம், முன்னறைதான் கடை. மூன்று குட்டி மேசைகள், சுற்றிலும் பிளாஸ்டிக் முக்காலிகள். வாசல் ஆணியில் ஓர் அட்டை தொங்கும். ஒரு பக்கம் 'ஹாலோ-ஹாலோ' என்று எழுதியிருக்கும். திருப்பினால் 'இன்று இல்லை'. வாரத்தில் மூன்று நாளாவது திருப்பித்தான் இருக்கும். அந்தப் பக்கத்து எழுத்துதான் வெயிலில் சீக்கிரம் வெளுத்தது.

ஹாலோ-ஹாலோ பிலிப்பைன்ஸ்காரர்களின் பண்டம். உயரமான கண்ணாடி டம்ளரில் இனிப்புச் சாமான்களை அடுக்கி, மேலே சீவிய ஐஸைக் குவித்து, டின் பால் ஊற்றிக் கொடுப்பது. இருபத்தாறு வருஷம் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர் மாமா. அங்கே சமையல்காரராக இருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர் அவருக்கு உயிர்ச் சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் செய்து கொடுத்ததைத் தின்று தின்று, செய்முறையையும் கற்றுக்கொண்டு, கடைசிக் கப்பலிலிருந்து இறங்கும்போது மணிலாவில் ஓர் ஐஸ் சீவுகிற இரும்பு மெஷினையும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கையால் சுற்றுகிற மெஷின். கரண்ட் வேண்டாம். ரங்கூனில் கடை நடத்த அதைவிடப் பெரிய யோக்கியதை ஒரு மெஷினுக்கு வேண்டியதில்லை.

இதை ஃபலூடா என்று சொல்லிவிட்டால் போச்சு. எங்கள் ஊரில் ஃபலூடா தெரியாத பிள்ளை கிடையாது. புதிதாக வருகிறவர்கள் டம்ளரைப் பார்த்ததும் ஃபலூடா என்பார்கள். "ஃபலூடா வேணும்னா டவுனுக்குப் போ" என்பார் மாமா. பர்மியர்களிடமும் இதையே பர்மியில் சொல்வார். மரியாதையாகச் சொல்வார், ஆனால் சொல்லாமல் விடமாட்டார்.

சாமான்கள் மொத்தம் பதினொன்று. வெல்லப்பாகில் ஊறின சிவப்புப் பயறு, கொண்டைக்கடலை, பாகில் வேகவைத்த வாழைப்பழம், பலாச்சுளை, இளநீர் வழுக்கை, நுங்கு, கடல்பாசி, ஜவ்வரிசி, ஊதா வள்ளிக்கிழங்கு மசியல், முட்டைப் புட்டிங். கடைசியாக, ஐஸுக்கு மேலே, மொறுமொறுவென்று ஒரு பிடி கார்ன்ஃபிளேக்ஸ். ஐஸும் பாலும் கணக்கில் வராது, அவை இல்லாவிட்டால் பேச்சே இல்லை. இந்தப் பதினொன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அட்டை திரும்பிவிடும்.

அவரைப் பற்றி இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம். குறை என்பது அவருக்கு ஆகாது. 'பரவாயில்லை' என்ற சொல்லை அந்த வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நான் எதற்கெடுத்தாலும் பரவாயில்லை சொல்கிற ஆள். எங்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான்.

பேப்பரில் நடுத்தாள் இல்லையென்றால் கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பார். தெருமுனையில் ஆட்கள் கேரம் ஆடும்போது ஒரு வெள்ளைக் காய் தொலைந்து, அதற்குப் பதில் பாட்டில் மூடியை வைத்துக்கொண்டு ஆடினார்கள். இவருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. டவுனுக்குப் பஸ் ஏறிப் போய்க் காய் வாங்கிவந்து போர்டில் வைத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனார். அவருக்குக் கேரம் ஆடத் தெரியாது.

கப்பலில் ஒருநாள் ஆள் எண்ணும்போது ஓர் ஆள் குறைந்ததாகவும், கடலில் விழுந்தவன் கிடைக்கவே இல்லையென்றும், அதிலிருந்துதான் மாமா இப்படி ஆகிவிட்டார் என்றும் தெருவில் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"யாரும்மா சொன்னா? ஒரு பயலும் கடல்ல விழல. எங்கப்பாவுக்கும் இதே புத்திதான்" என்றார்.

கடையில் டம்ளரைக் கொடுத்துவிட்டு நகரமாட்டார். பக்கத்திலேயே நிற்பார். நீள ஸ்பூனை அடிவரைக்கும் விட்டுக் கலக்கவேண்டும். மேலே இருக்கிற புட்டிங்கை மட்டும் வழித்துத் தின்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. "அடியில இருக்கறவன் என்ன பாவம் பண்ணான்? கலக்கும்மா" என்பார். நான் வேலைக்குப் போய் அலுத்து வந்த பெண், எனக்குப் புட்டிங் பிடிக்கும், முதலில் தின்றால் என்ன? விடமாட்டார். கலக்கிய பிறகுதான் உள்ளே போய் உட்காருவார்.

ஒரு வருஷம் கோயில் திருவிழாவுக்குப் பானகத்துக்குப் பதிலாக மாமாவின் ஹாலோ-ஹாலோ கொடுக்கலாம் என்று கமிட்டிக்காரர்களுக்கு ஆசை வந்தது. அவர் ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் தூங்கவில்லை. அத்தை, அவர் மனைவி, கரி அடுப்பில் தட்டுத் தட்டாகப் புட்டிங் அவித்து இறக்கினார். சித்திரை வெயில். தீ மிதித்து வந்தவர்கள், பார்க்க வந்தவர்கள் என்று வரிசை தேர் வரைக்கும் நின்றது. பாதி வரிசைக்குக் கொடுத்திருப்பார், புட்டிங் தீர்ந்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

செகரட்டரி ஓடிவந்தார். "இருக்கறத போட்டுக் குடுங்க அண்ணே. சாமி கோவிச்சுக்காது."

"சாமி கோவிச்சுக்காது. நான் கோவிச்சுக்குவேன்" என்றார் மாமா.

பத்துச் சாமானும் ஐஸும் பாலும் அங்கேயே இருந்தன. வெயிலில் நின்ற பிள்ளைகள் அழுதார்கள். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மனிதனா இது என்று வாய்விட்டே சொன்னேன். அத்தைதான் தலையைக் குனிந்துகொண்டு ஏனங்களைக் கழுவினார். அதற்குப் பிறகு கோயிலில் அவரை ஒரு காரியத்துக்கும் கூப்பிடவில்லை.

அத்தைக்கு இது பழக்கமான குனிவு. அவர்களுக்கு ஒரே பெண். அவள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்க எல்லாரையும் மேடையில் நிறுத்தினார்கள். மாமாவின் தம்பி வரவில்லை. தம்பிக்கு மாவ்பியில் கொஞ்சம் நெல் வயல். அங்கிருந்து வருகிற பஸ் வழியில் நின்றுவிட்டது. "வரட்டும், ஒரு ஆள் குறையுது" என்று மாமா படம் எடுக்கவிடவில்லை. அரை மணி, ஒரு மணி. கரண்ட் போனது. ஜெனரேட்டர் பந்தியறைக்கு மட்டும்தான் போதும் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடப் போய்விட்டார்கள். எச்சில் இலை எடுக்கிற நேரத்துக்குத் தம்பி வந்து சேர்ந்தார், தோளில் ஒரு மூட்டையோடு. அறுவடையில் இடித்த புது அவல், பச்சை வாசனை அடிக்கிற அவல், அண்ணன் வீட்டுக்கென்று கொண்டுவந்தது. அவல் வந்தது, படம் இல்லை. அந்த ஆல்பத்தில் அம்மா அப்பாவோடு பெண் நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது.

"ஆளு கொறஞ்ச படம் எதுக்கு?" என்று மாமா கேட்பார்.

"இப்ப படமே கொறஞ்சு போச்சு" என்பார் அத்தை. சண்டையாகச் சொல்லமாட்டார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்வார்.

தம்பி ஒவ்வோர் அறுவடைக்கும் தவறாமல் அவல் அனுப்புவார். அத்தை அதைப் பழைய பிஸ்கட் டின்னில் கொட்டி அடுப்பு மேடையில் வைத்திருப்பார். இந்த டின்னை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் கல்யாணமாகி மலேசியாவில் கிள்ளான் போய்விட்டாள். இங்கே நாளுக்கு நாள் கஷ்டம் கூடியது. கரண்ட் முறை போட்டு வந்தது, பிறகு அந்த முறைக்கும் வராமல் போனது. ஐஸ் ஃபாக்டரியிலிருந்து உமியில் புதைத்து வருகிற பாளம் வரும் நாளில் வரும். மாமா அதையெல்லாம் எப்படியோ சமாளித்தார். பலாவும் நுங்கும் பருவத்தில் பாகில் போட்டுப் பாட்டிலில் அடைத்துவைப்பார். கிழங்குக்கு ஆற்றைத் தாண்டி த்வாண்டே வரைக்கும் போவார். சமாளிக்க முடியாமல் போனது பதினோராவது சாமான். வெளிநாட்டுப் பண்டங்கள் வருவது குறைந்து, கடைகளில் கார்ன்ஃபிளேக்ஸ் அகப்படாமல் போனது. கப்பலில் போகிற பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து இரண்டு பெட்டி கொண்டுவந்தால் அது தீரும்வரை கடை. தீர்ந்தால் அட்டை.

"அவல வறுத்துப் போட்டா என்னங்க? மொறுமொறுன்னு தானே இருக்கும்?" என்று அத்தை கேட்டார். நான் அங்கேதான் இருந்தேன்.

"இது என்ன கிருஷ்ண ஜெயந்தியா?" என்றார் மாமா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை சிரிக்கவில்லை. கடை திறந்த அன்றைக்கே கேட்டாராம், அன்றைக்கும் இதே பதிலாம். எதற்காக இப்போது மறுபடி கேட்டார் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பெண் வாரா வாரம் வீடியோவில் கூப்பிட்டு வந்துவிடுங்கள் என்று அழுதிருக்கிறாள். மாமா ஒருநாள் அவள் வாயை அடைக்கிறதற்காக ஒரு சொல் கொடுத்துவிட்டார். வரப்போகிற திங்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்குள் கடை ஒழுங்காக ஓடாவிட்டால் கிளம்பி வந்துவிடுகிறோம் என்று. வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அப்போதைக்குச் சொன்னது என்று விட்டுவிடலாம். இவர் சொன்னால் சொன்னதுதான். பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. மெஷினை யாருக்குக் கொடுப்பது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

போக அவருக்கு மனசில்லை. இருபத்தாறு வருஷம் தண்ணீரில் கிடந்தவர், இனி இந்தத் தெருவை விட்டு நகரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அத்தைக்கும் மனசில்லை என்பது எனக்குக் கோயில் வாசலில் செருப்பு மாட்டும்போது தெரிந்தது.

"அங்க பதினாலாவது மாடிம்மா. எறங்கி வந்து நான் யார்ட்ட போய்ப் பேசறது? மலாயும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. இங்கன்னா மீன்காரி கிட்டகூட அரை மணி பேசலாம்" என்றார். "அந்த மனுசன் ஒரு பிடி அவலப் போட்டார்னா நாங்க இங்கயே கெடப்போம். போடமாட்டாரு."

"நீங்க எடுத்துச் சொல்லலாமில்ல, அத்தை?"

"எத்தன தடவ சொல்றது?"

பங்குனி பாதி தாண்டியது. அட்டை மூன்று வாரமாகத் திரும்பியே கிடந்தது. திங்ஜானுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

நான் லைங் தாயாவில் ஒரு தையல் ஃபாக்டரி ஆபீசில் மொழிபெயர்க்கிற வேலை பார்க்கிறேன். விடிந்ததும் ஃபெரி வந்துவிடும். எங்கள் ஊரில் ஃபெரி என்றால் படகு இல்லை, கம்பெனி பஸ். அந்த ஃபெரியில் என் பக்கத்து சீட்டில் வருகிறவர் லோர்னா. பிலிப்பைன்ஸ்காரி, தையல் லைன்களை மேற்பார்வை பார்க்கிறவர். பர்மியப் பெண்கள் அவரை சயாமா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரி. அன்றைக்கு வெயிலில் பஸ் பாலத்தில் மாட்டிக்கொண்டு நின்றபோது, ஊரில் இந்நேரம் ஹாலோ-ஹாலோ சாப்பிட்டுக்கொண்டிருப்பேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் ஒரே சீட்டில் போகிறோம், இந்தக் கோணத்தில் எனக்குத் தோன்றவே இல்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லோர்னாவைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். அட்டை 'இன்று இல்லை' என்றது. கதவைத் தட்டினேன்.

மாமா வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷத்தில் இந்தப் பண்டத்தைப் பிறந்ததிலிருந்து தின்ற ஒருவர் அவர் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் கை கூப்பி, கப்பல் இங்கிலீஷில், இன்றைக்கு இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். என்னிடம் தமிழில், "முன்கூட்டியே சொல்லக்கூடாதாம்மா? இன்னொரு நாள் கூட்டிட்டு வா" என்றார்.

"இன்னொரு நாள் நீங்க எங்க இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது.

லோர்னா வாசலில் நின்றபடியே, என்ன இல்லை என்று கேட்டார். மற்றதெல்லாம் இருக்கிறது, கப்பல் பிள்ளை யாராவது பெட்டியோடு வந்துவிட்டால் என்று ஞாயிறு தோறும் செய்துவைக்கிறோம், கார்ன்ஃபிளேக்ஸ்தான் இல்லை என்றார் மாமா.

லோர்னா சிரித்தார். நக்கல் சிரிப்பு இல்லை, சொந்தக்காரர் வீட்டில் ஏதோ வேடிக்கை நடந்தால் சிரிக்கிற சிரிப்பு. "அது எங்க ஊர்ச் சாமானே இல்லையே. வெளிநாட்டுல இருக்கறவங்க, ஊர்ச் சாமான் கெடைக்கலன்னா போடுவாங்க" என்றார்.

"என்ன ஊர்ச் சாமான்?"

முற்றாத நெல், இடித்துத் தட்டையாக்கி, வறுத்தது என்று லோர்னா கையால் உலக்கை போட்டுக் காட்டினார்.

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா லோர்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அத்தை பிஸ்கட் டின்னோடு வந்தார். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் உலக்கை போடுகிற கை தெரியும். டின்னைத் திறந்து நீட்டினார். லோர்னா ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"இதேதான்" என்றார். "வறுக்கணும், அவ்வளவுதான்."

தெருவில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு போனது. மாமா மெதுவாகக் கேட்டார், "அப்ப என் சிநேகிதன் ஏன் எங்கிட்ட சொல்லல?"

அதற்கு லோர்னா என்ன சொல்லுவார்? கப்பலில் என்ன கிடைத்ததோ அதைப் போட்டிருப்பார் என்றார். மாமாவுக்குக் கேட்டதோ இல்லையோ, எனக்கு நன்றாகக் கேட்டது. நடுக்கடலில் அவல் கிடைக்காத ஒரு சமையல்காரர், போகட்டும் என்று ஸ்டோரில் இருந்த டப்பாவைப் பிரித்துக் கொட்டியிருக்கிறார். அந்த ஆளின் 'பரவாயில்லை'யைத்தான் இவர் இத்தனை வருஷம் பதினோராவது சாமானாகக் கட்டிக் காத்திருக்கிறார். அதற்காகக் கடையை மூடியிருக்கிறார், ஊரைவிட்டுப் போகவும் இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிட அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அத்தை யாரையும் கேட்கவில்லை. கரி அடுப்பைப் பற்றவைத்து வாணலியைப் போட்டார். அவல் பொரிகிற வாசனை முன்னறைக்கு வந்தது. மாமா அசையாமல் நின்றார். அப்புறம் போய் மெஷின்மேல் மூடியிருந்த துணியை எடுத்தார். முந்தின நாள் குடிக்க வாங்கின ஐஸ் துண்டு ஒன்று பெட்டியில் இருந்தது. அதைக் கழுவி மெஷினில் மாட்டிச் சுற்ற ஆரம்பித்தார்.

டம்ளர் வந்தது. லோர்னா சொல்லாமலே அடிவரை கலக்கினார். மாமா வழக்கம்போல் பக்கத்தில் நின்றார், ஆனால் கலக்கு என்று சொல்ல அவசியம் இருக்கவில்லை. பாதி தின்றபிறகு லோர்னா நிமிர்ந்து, "எங்கம்மா இதுல சோளம் போடுவாங்க" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை என்னவென்று சொல்ல. "அப்ப இதுல ஒண்ணு குறையுதா?"

நான் கேட்டுச் சொன்னேன். குறையெல்லாம் இல்லை, தங்கள் வீட்டில் சோளம் போடுவார்கள், கொண்டைக்கடலை போடமாட்டார்கள், பக்கத்து வீட்டில் கடலை போடுவார்கள், சோளம் போடமாட்டார்கள் என்றார் லோர்னா.

"மொத்தம் எத்தன சாமான்னு கேளு."

கேட்டேன். லோர்னாவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "யாரும் எண்ணினதில்லையே" என்றார். இன்னொரு டம்ளர் கிடைக்குமா என்று கேட்டார்.

அவர் போனபிறகு மாமா வெகுநேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை வாணலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாக இருந்தால் தெருவே கேட்கச் சொல்லியிருப்பேன்.

"எப்பலேர்ந்து சொல்லிட்டிருக்கே?" என்று மாமா கேட்டார்.

"கடை தொறந்த அன்னைக்கு சொன்னேன்."

"அன்னைக்கே நான் கேட்டிருக்கணும்." தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எனக்கும் கேட்கும்படி சொன்னார்.

அத்தை வாணலியை ஆணியில் மாட்டினார். "நாளைக்கு ஐஸ்காரன் கிட்ட முழுப் பாளம் சொல்லுங்க" என்றார்.

மறுநாளிலிருந்து அட்டை நேர்ப்பக்கம் திரும்பியது. ஐஸ் வராத நாள் தவிர மற்ற நாளெல்லாம் திறந்திருந்தது. திங்ஜானுக்கு முந்தின ஞாயிறு நான் போனபோது முக்காலி கிடைக்காமல் பிள்ளைகள் வாசற்படியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் மஷிபூ ஊலே என்றுதான் கூப்பிட்டார்கள், கையில் டம்ளரை வைத்துக்கொண்டே.

மாமா என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உன் ஃபோன்ல ஒரு படம் எடும்மா. கிள்ளானுக்கு அனுப்பணும். கடை ஓடுது, நாங்க வரலன்னு எழுது. பொண்ணு நம்பமாட்டா, படம் வேணும்."

மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றார். உள்ளே பார்த்து அத்தையைக் கூப்பிட்டார். "வா வெளிய. ரெண்டு பேரும் இருக்கணும்."

"அவல் கருகிடும்" என்றார் அத்தை உள்ளேயிருந்து.

நான் ஃபோனை இறக்கிவிட்டேன். அவர் எப்படியும் நிற்கத்தான் சொல்லுவார், அவல் வறுபட்டு முடிந்து அத்தை வந்து, அப்புறம் யாராவது டம்ளரைக் கேட்டு, அதற்குள் என் ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். மாமா உள்ளே ஒரு தடவை பார்த்தார். நேராகத் திரும்பி நின்றார்.

"பரவாயில்ல. எடு" என்றார்.

எடுத்தேன். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, ஒரு கை மெஷின் சக்கரத்தின்மேல், முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் சிரித்து எடுத்த படம் எங்கேயும் இருக்காது. படத்தின் ஓரத்தில், உள் வாசலைத் தாண்டி அத்தையின் கை மட்டும் வந்திருந்தது, கரண்டியோடு. அப்படியே கிள்ளானுக்கு அனுப்பினேன்.

அதற்குப்பின் இரண்டு மழைக்காலம் கடை நடந்தது. ஒருநாள் காலை பலாச்சுளைக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டார். தெருவில் எல்லாரும் வந்தார்கள். கோயில் செகரட்டரிதான் முன்னால் நின்று எல்லாம் பார்த்தார். மாவ்பியிலிருந்து தம்பி இந்தத் தடவை நேரத்துக்கு வந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. தேடினால் பாஸ்போர்ட் படத்தைத் தவிர ஒன்றுமில்லை. என் ஃபோனில் இருந்ததைத்தான் ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னேன். ஸ்டூடியோக்காரர் அழகாகத்தான் செய்திருந்தார். சாமி படம் மாதிரி பின்னால் நீலம் போட்டு, ஓரத்தில் இருந்த கையைக் கரண்டியோடு சேர்த்து வெட்டிவிட்டு, அவர் மட்டும் நடுவில் வருகிற மாதிரி. செத்தவர் படத்தில் உயிரோடு இருக்கிறவர் கை எதற்கு என்று அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் அது சரியென்றே பட்டது. பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அத்தை படத்தை மடியில் வைத்துப் பார்த்தார். கை இருந்த இடத்தை விரலால் தடவினார்.

"கொண்டுபோய்த் திருப்பிக் குடும்மா" என்றார். "ஒரு ஆள் குறையுது."